இன்னும் அரை அடி

காலைக் கொஞ்சம் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் சார், இந்தக் குழாய் உருளும். பயப்பட வேண்டாம், கழுவித்தான் கொண்டுவருகிறேன். மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, சாக்கைச் சுற்றியிருக்கிறேன். கண்டக்டர் ஏற்றமாட்டேன் என்றார். பத்தடிக் குழாயை இரண்டாக அறுத்து நடுவில் மரை போட்டிருக்கிறேன், கழற்றிக் காட்டிய பிறகுதான் விட்டார். பிளம்பரா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொருவரிடமும் எங்கே விளக்கிக்கொண்டிருப்பது.

உங்களிடம் சொல்லலாம். சாக்கைப் பார்த்தும் நீங்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போகவில்லை.

நான் கக்கூஸ் தொட்டி பார்க்கிறவன். பெயர் மாசானம். முப்பத்தொரு வருடம் தொட்டி கட்டினேன். செங்கல் தொட்டி, உறைத் தொட்டி எல்லாம் கட்டியிருக்கிறேன். இப்போது வெள்ளம் வந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தில் பார்த்துச் சொல்லும் வேலைக்கு எடுத்தார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். தொட்டி பிழைத்திருக்கிறதா, சுவர் வெடித்திருக்கிறதா, எவ்வளவு வண்டல் இறங்கியிருக்கிறது, எப்போது லாரி விட்டு உறிஞ்சலாம், எப்போது கக்கூஸில் உட்காரலாம். எல்லாம் பார்த்து, சரி என்றால் ஒரு பச்சைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். தாள் இருந்தால்தான் லாரி வரும். நூற்று நாற்பத்தெட்டு வீடு எனக்கு. நூற்று நாற்பத்தேழு வீட்டில் ஒரு குறை சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். ஒரே ஒரு வீடு. அந்த ஒரு வீட்டால்தான் இந்தக் குழாயை ஒப்படைக்கத் திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அடுத்த ஊர்ப் பட்டியலில் என் பெயர் இல்லை.

நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், தப்பு யார் பேரில் என்று.

வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? லாரியைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காலி செய்வது. நாற்றம் தாங்கவில்லை, கக்கூஸில் தண்ணீர் எதிர்த்து வருகிறது, காலி செய்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அது பெரிய தப்பு. ஊர் முழுக்க மண்ணுக்குள் தண்ணீர் நிற்கிறது. தொட்டிக்குள் இருக்கிற தண்ணீர்தான் வெளித் தண்ணீரை எதிர்த்து நிற்கிறது. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால், வெளியே இருப்பது சும்மா இருக்குமா? செங்கல் தொட்டி என்றால் சுவர் உள்ளே சரியும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் படகு மாதிரி மேலே வந்துவிடும்.

அந்தத் தெருவில் ஜெபமணி வாத்தியார் என்று ஒருவர். ரிட்டயர் ஆகிப் பல வருடம். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாளே சொந்தச் செலவில் லாரி வைத்து உறிஞ்சிவிட்டார். ரெடிமேடு பிளாஸ்டிக் தொட்டி. மறுநாள் காலையில் பார்த்தால் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு இரண்டடி மேலே வந்து நிற்கிறது. குழாயெல்லாம் முறிந்துபோயிற்று. தெருவே வந்து பார்த்தது. வாத்தியார் வாசலுக்கு வந்ததும் தொட்டி எழுந்து நின்று வணக்கம் சொல்லுகிறது என்று பையன்கள் சிரித்தார்கள். வாத்தியார் என்னிடம் கேட்டார், "ஏம்வே, இத ஒரு மனுசன் முன்னாலேயே சொல்லக்கூடாதா?" என்று. நான் வந்ததே அதற்குப் பத்து நாள் கழித்து.

அதனால் நாங்கள் வைத்திருக்கிற கணக்கு இதுதான். வீட்டில் கிணறு இருந்தால் நூலில் கல்லைக் கட்டி விட்டு அளப்பேன். நூலில் அரை அடிக்கு ஒரு முடிச்சு. கிணற்றுத் தண்ணீர் தொட்டியின் தளத்துக்குக் கீழே அரை அடி இறங்கியிருக்க வேண்டும். அரை அடி போதும். பயிற்சியில் சொன்னதும் அதுதான், முப்பத்தொரு வருடத்தில் நான் பார்த்ததும் அதுதான். அரை அடி வந்தால் பச்சைத் தாள். அளவு அளவுதான். ஆள் பார்த்து மாற்றமாட்டேன்.

அந்த வீடு தெருவின் கடைசி வீடு. வாத்தியார் வீட்டுக்கு அடுத்தது. சுற்றுச்சுவர் விழுந்துவிட்டது. அந்த அம்மாவின் பெயர் தங்கபுஷ்பம். தையல் வேலை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் இல்லை. நான் முதல் தடவை போனது மார்கழி பதினெட்டு. தையல் மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் சேறு வழித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளைத் துணி ஒண்ணு வேணும்மா" என்றேன்.

அதைச் சொல்லவில்லை பாருங்கள். குழாயில் வெள்ளைத் துணியைச் சுற்றித்தான் தொட்டிக்குள் விடுவேன். வெளியே எடுத்தால் கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை கசடு. ஒரு வீட்டுத் துணியை இன்னொரு வீட்டில் விடமாட்டேன், அது என் வழக்கம். வீட்டுக்காரர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்வேன். பெரும்பாலும் வாசலில் நின்று வீசுவார்கள். கை பட்டுவிடக் கூடாது அல்லவா. நானும் பிடித்துக்கொள்வேன். பழக்கம்தான்.

இந்த அம்மா உள்ளே போய் ஒரு வேட்டியைக் கொண்டுவந்தார். எட்டு முழம். வெள்ளத்தில் நனைந்து ஓரமெல்லாம் செம்மண் கறை.

"நல்ல வேட்டியா இருக்கேம்மா."

"அவுகளோடது அண்ணாச்சி. அவுக போயி நாலு வருசம் ஆச்சு. கறை போகல. இனி யாருக்கு?"

பல்லால் கடித்து ஒரு சாண் கிழித்து, கையில் கொடுத்தார்.

மூடியைத் திறந்து பார்த்தேன். அருமையான தொட்டி சார். அவர் வீட்டுக்காரரே நின்று கட்டினதாம். ஆறடி ஆழம், தளத்துக்குக் கான்கிரீட், நடுவில் தடுப்புச் சுவர் நூல் பிடித்த மாதிரி. வண்டல்தான் ஒன்றரை அடி நின்றது. கிணற்றில் தண்ணீர் இரண்டடியிலேயே இருந்தது. இப்போது தொடக்கூடாது, தண்ணீர் இறங்க வேண்டும், மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்றேன். பிளீச்சிங் பவுடரை மட்டும் உள்ளே கொட்டிவிடாதீர்கள் என்றேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குடித்தனமே இருக்கிறது, அது இருந்தால்தான் தொட்டி. கொன்றுவிட்டால் வெறும் குழி.

கிணற்றடியில் கைகால் கழுவினேன். திரும்பினால் அந்த அம்மா காப்பியோடு நிற்கிறார். கருப்பட்டிக் காப்பி. எவர்சில்வர் டம்ளரில், டபராவோடு.

மற்ற வீடுகளில் கொடுக்கமாட்டார்கள் என்று சொல்லவில்லை. வாத்தியார் வீட்டில்கூடக் கொடுத்தார்கள். காகிதக் கப்பில். தப்பு சொல்ல முடியாது, வெள்ளம் வந்த வீடு, பாத்திரம் குறைவாக இருக்கும். வாத்தியார் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார். நான் தொட்டி கட்டின வீடுகளிலேயே அப்படித்தான். சுவர் எழுப்பின கொத்தனாருக்குப் பால்காய்ப்பு அன்றைக்கு வேட்டி துண்டு, தாம்பூலம். தொட்டி கட்டினவனுக்கு யாரும் தேதி சொல்லி அனுப்பமாட்டார்கள். நானும் எதிர்பார்த்ததில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டாம் தடவை போனபோதுதான் அந்த அம்மா விஷயத்தைச் சொன்னார்.

"தை இருவதுக்குள்ள ஆயிருமா அண்ணாச்சி?"

"ஏம்மா, தை இருவது என்ன?"

ஒரே மகள். இந்துமதி. சாத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம், ஏழாம் மாதம். தை இருபது வளைகாப்பு. வளையல் போட்டுக் கையோடு தாய் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். சம்மந்தியம்மா ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாராம். கக்கூஸ் சரியானால் அனுப்புகிறோம், இல்லாவிட்டால் இங்கேயே இருக்கட்டும் என்று. தை இருபதைத் தாண்டினால் எட்டாம் மாதம் பிறந்துவிடும். எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாய்ச்சியை அவர்கள் வழக்கத்தில் அனுப்பமாட்டார்கள். ஒன்பதில் டாக்டர் அனுப்பமாட்டார். ஆக, தை இருபதை விட்டால் பிரசவம் அங்கேதான்.

"நா ஒருத்தி எப்படியும் சமாளிச்சுக்கிடுவேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாகக் கக்கூஸ் வைத்திருந்தார்கள், அங்கே போய் வந்துகொண்டிருந்தார். பக்கம்தான், கால்மணி நேர நடை. "அவ வந்தா ரெண்டு மாசம், பெத்து மூணு மாசம், அஞ்சு மாசம் இந்த வீட்டுல ஆள் சத்தம் இருக்கும்."

"தை பொறக்கட்டும்மா. தண்ணி எறங்கும்" என்றேன்.

மூன்று நாளைக்கு ஒருமுறை போனேன். காலையில் மற்ற வீடுகளை முடித்துவிடுவேன். இந்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்வேன். தெருவுக்கே கடைசி வீடு அல்லவா, அதுதான் முறை. நூலை விட்டு அளப்பேன். வேட்டியில் ஒரு சாண் கிழித்து வாங்கிக் குழாயில் சுற்றித் தொட்டிக்குள்ளும் விட்டுப் பார்ப்பேன். கசடை ஒருதடவை பார்த்தால் போதாதா என்று ஆபீஸில் பிற்பாடு கேட்டார்கள். பார்த்துவிட்டால் நல்லதுதானே? வெள்ள வண்டல் மெதுவாகத்தான் படியும்.

அப்புறம் காப்பி. நான் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். அவர் உள்ளே தைத்துக்கொண்டிருப்பார். பெரிதாகப் பேசிக்கொள்ளமாட்டோம். என்ன பேச்சு இருக்கிறது? மிஷின் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஒரு நாள் மிஷின் இறுகிப்போய் மிதிக்க முடியவில்லை என்றார். அடுத்த தடவை வரும்போது ஒரு பாட்டில் மிஷின் எண்ணெய் வாங்கிவந்தேன். ஏரலில் பஸ் மாறும்போது கடை எதிரிலேயே இருந்தது, வேலை மெனக்கெட்டு வாங்கவில்லை.

வாத்தியார் தன் வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பார். "என்னவே மாசானம், கிணத்துக்குக் காய்ச்சல் பாக்க வந்தாச்சா?"

"ஆமா சார். உங்க தொட்டிக்கு எறக்கம் கண்டுட்டு, இதுக்கு இன்னும் எறங்கல" என்பேன்.

அந்த அம்மா உள்ளேயிருந்து சிரிப்பார். மிஷின் ஒரு நொடி நின்று ஓடும். அதை வைத்துத்தான் சிரித்தார் என்று சொல்கிறேன்.

டிக்கெட்டா? எடுத்துவிட்டேன் கண்டக்டர். திருநெல்வேலி. ஆமாம், நான்தான், குழாய்.

எங்கே விட்டேன். தை எட்டாம் தேதி வாத்தியார் வீட்டில் அரை அடி வந்துவிட்டது. எழும்பின தொட்டியை ஏற்கெனவே இறக்கி, சுற்றிக் கான்கிரீட் போட்டு வைத்திருந்தார்கள். அரை அடி வந்ததும் பச்சைத் தாள் கொடுத்துவிட்டேன். இந்த அம்மா வீட்டில் அன்றைக்கு மூன்று அங்குலம்தான். மேடு பள்ளம் இருக்குமல்லவா.

தை பன்னிரண்டு. அன்றைக்குப் போய் நூலை விட்டேன். முடிச்சைத் தாண்டியிருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தேன். தளத்துக்குக் கீழே ஏழு அங்குலம். நோட்டில் அப்படியே எழுதினேன். அளவைப் பொய்யாக எழுதுகிறவன் இல்லை நான்.

ஏழு அங்குலம், அரை அடிக்கு மேலேதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள். செங்கல் தொட்டி. பழைய தொட்டி. வீட்டுக்காரர் ஆசையாகக் கட்டினது. சுற்றுச்சுவர் விழுந்த இடம், மண் இளகியிருக்கும். அவசரப்பட்டு லாரி விட்டு, நாளைக்கு ஒரு பக்கம் சரிந்தால் யார் பதில் சொல்வது? அந்த அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு அடி இறங்கட்டும் என்று முடிவு செய்தேன். நான் என் பொறுப்பில் எடுத்த முடிவு. ஒரு அடி என்றால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்து சாத்தூரிலிருந்து போன். அந்த அம்மா போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார். மிஷினை விட்டு எழுந்திருக்காமல் பேசிப் பழக்கம்.

"என்ன சம்மந்தி, கக்கூஸ் என்னாச்சு?"

"இந்தா, அதிகாரியே இங்கதான் இருக்காக. அவுகட்டயே கேளுங்க" என்று எழுந்து வந்து போனை என்னிடம் நீட்டினார்.

அதிகாரி என்றார் சார். சிரிக்காதீர்கள். அந்த அம்மாவுக்கு அப்படித்தான்.

"வணக்கம்ங்க. எங்க வீட்டுப் புள்ள வந்தா அங்க வசதிப்படுமா?" என்று அந்தப் பக்கம் குரல்.

"இப்ப சொல்ல முடியாதும்மா. இன்னும் அரை அடி எறங்கணும்."

"அரை அடின்னா எத்தன நாளாகும்?"

"பத்து நாளும் ஆகலாம், பதினஞ்சும் ஆகலாம். நடுவுல மழ பெஞ்சா முதல்லேருந்து."

"அப்ப எட்டாம் மாசம் பொறந்துரும்ல?"

"அத நீங்கதான் பாக்கணும். பிள்ளைத்தாய்ச்சி நாளைக்குப் பத்துத் தடவ போவும். அவசரப்பட்டுத் தெறந்துவிட்டுட்டுப் பொறவு கஷ்டப்படக் கூடாது."

இதில் ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா? ஒரு வார்த்தை.

அந்த அம்மா போனை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்துக் காதில் வைத்துக்கொண்டார். சத்தத்தைக் குறைத்துவிட்டார். ஆனாலும் அவர் பேசினது எனக்குக் கேட்டது. "இல்ல சம்மந்தி, அவுக கொஞ்சம் கூடுதலாத்தான் பாக்காவ. நல்ல மனுசன்" என்றார். நல்ல மனுசன். என் காதால் கேட்டேன். அதே அம்மாதான் பிற்பாடு ஆபீஸுக்கு எழுதினது.

அன்றைக்கு அவருக்கு வேலை அதிகம் போல. காப்பி போட மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

தை பதினாறு மழை பெய்தது. நான் சொன்னேனா இல்லையா? கிணறு நாலு அங்குலம் ஏறிவிட்டது. பன்னிரண்டாம் தேதியே லாரி விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காலி செய்த கையோடு பாதிக்கு நல்ல தண்ணீர் நிரப்பிவிடுவோம், ஒன்றும் ஆகியிருக்காது என்று நீங்கள் சொல்லலாம். ஆபீஸிலும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும்.

தை இருபது போனேன். வீடு பூட்டியிருந்தது. சாத்தூருக்கு வளைகாப்புக்குப் போயிருக்கிறார். முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் இரண்டு பஸ் மாறி வருகிறவன். சுற்றுச்சுவர்தான் இல்லையே, உள்ளே போய்க் கிணற்றை அளந்தேன். ஐந்து அங்குலம். துணி இல்லாததால் தொட்டிக்குள் விடவில்லை. கல்லில் உட்கார்ந்திருந்தேன். நாலு மணிவாக்கில் இன்னொரு தடவை அளந்தேன். அதே ஐந்து.

வாத்தியார்தான் வந்து சொன்னார். "அவ நாளைக்குத்தான் வருவா. நீரு இங்க யாருக்கு அளந்துகிட்டு இருக்கீரு?"

"கிணத்துக்கு அளக்கேன் சார்" என்றேன்.

"கிணறு எங்கயும் போவாது. வீட்டுக்குப் போம்வே."

வீட்டுக்குப் போனேன். பாளையங்கோட்டையில் எனக்குச் சொந்த வீடு. சின்னதுதான். வீட்டுக்காரி இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. நான் கட்டின தொட்டிகளிலேயே நல்ல தொட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. ஏழு பேர் குடும்பத்துக்குத் தாங்கும் அளவு. அவள் போன பிறகு மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஒரு ஆளுக்கு எப்படி நிறையும்?

இது ஸ்ரீவைகுண்டமா? இறங்குகிற கூட்டம் அதிகம்தான். நீங்கள் இங்கே இல்லையே? சரி, சரி. இருங்கள்.

இருபத்துமூன்றாம் தேதி போனேன். அந்த அம்மா இருந்தார். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். வளைகாப்புக்குப் போகிறவர்களுக்கெல்லாம் போட்டு அனுப்புவார்களே, அது. பச்சையும் சிவப்புமாக. மிஷின் மிதிக்கும்போது அதுவும் சேர்ந்து சத்தம் போட்டது.

"பிள்ள வரல அண்ணாச்சி" என்றார்.

"நல்லதுதாம்மா. எட்டாம் மாசத்துல அலைய வேண்டாம்."

"அங்க அவ ரூம் மாடியில. ஏறி எறங்கணும்."

"நல்ல காத்து வரும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

நூலை விட்டு அளந்தேன். ஒன்பது அங்குலம். வேட்டியில் ஒரு சாண் கேட்டேன். கொண்டுவந்தார். பல்லால் கடிக்கவில்லை, கத்தரிக்கோலால் வெட்டினார். வெட்டிக்கொண்டே கேட்டார்.

"வாத்தியார் வீட்டுக்கு எத்தன அடி பாத்தீங்க?"

"அரை."

அவ்வளவுதான். துணியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். மிஷின் ஓடவே இல்லை. மின்சாரம் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அது மிதிக்கிற மிஷின்.

நாலு நாள் கழித்து ஆபீஸில் ரெனிட்டா மேடம் கூப்பிட்டார். அவர்தான் எங்களுக்கெல்லாம் பொறுப்பு. மேடம் என்றால் என் மகள் வயதுதான் இருக்கும், மகள் இருந்திருந்தால். மேஜையில் என் நோட்டு விரித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுத் தாள். ஜாக்கெட் அளவு எழுதுகிற தாள். ஒரு பக்கம் யாருக்கோ தோள், கை, சுற்றளவு. மறுபக்கம் ஒரே வரி. வாத்தியார் வீட்டுக்கு அரை அடி, எனக்கு மட்டும் ஏன் ஒரு அடி என்று. கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை.

"புகாராக்கூட எழுதல அண்ணாச்சி. கேள்வியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார் மேடம்.

"கேக்கட்டும். பதில் சொல்லுதேன். செங்கல் தொட்டி, இளகின மண்ணு."

"தெருவுல எட்டு செங்கல் தொட்டிக்கு அரை அடியில தாள் குடுத்திருக்கீங்க."

"இது வேற."

"தை பன்னெண்டு, ஏழு அங்குலம்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"அளவப் பொய்யா எழுதமாட்டேன் மேடம்."

"அதத்தான் கேக்கேன். உண்மைய எழுதிட்டு ஏன் தாள மட்டும் குடுக்கல? மத்த வீட்டுக்கெல்லாம் மூணு தடவ போயிருக்கீங்க. இங்க பன்னெண்டு."

"பொறுப்பாப் பாத்தது ஒரு தப்பா?"

மேடம் நோட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் சம்பந்தமே இல்லாமல், "அண்ணாச்சி, உங்க வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்ணும் இல்ல" என்றார். நோட்டை மூடிவிட்டார். அந்த வீட்டை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுங்கள், குழாயைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள் என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

இதுதான் சார் நடந்தது. பன்னிரண்டு தடவை போய் ஒரு தொட்டியைப் பார்த்தவனுக்குக் கிடைத்த மரியாதை. அரை அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தால் நல்ல பெயர்.

லாரிக்கு நாள் கிடைத்து, இன்றைக்குக் காலையில்தான் முடித்தேன். கிணற்றில் ஒரு அடியும் நாலு அங்குலமும் இறங்கியிருந்தது. கடைசியாக ஒருதடவை கசடு பார்க்கலாம் என்று துணி கேட்டேன்.

"வேட்டி தீந்துபோச்சு" என்றார்.

கொடியில் பாதி வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. வேறு வேட்டியாக இருக்கும். நான் என் துண்டில் ஒரு சாண் கிழித்துக்கொண்டேன்.

லாரி வந்து உறிஞ்சியது. யாரையும் உள்ளே இறக்கவில்லை, நானும் இறங்கவில்லை, அது எந்தக் காலத்திலும் கிடையாது. மேலே நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். நாலு சுவரிலும் ஒரு கீறல் இல்லை சார். நேற்றுக் கட்டின மாதிரி இருந்தது. அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். "பாத்தீங்களா, ஒரு கீறல் இல்ல. அவுக கட்டினது அப்படி" என்றேன். எட்டிப் பார்த்தார். அப்போதே இந்தத் தொட்டி அரை அடிக்குத் தாங்கியிருக்குமோ என்று ஒரு நினைப்பு எனக்கும் வந்தது. வந்துவிட்டுப் போய்விட்டது. வேலை இருந்ததே.

பாதிக்கு நல்ல தண்ணீர் விட்டேன். வாத்தியார் வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு வாளி எடுத்துவந்து ஊற்றினேன், உள்ளே குடித்தனம் பிடிக்க வேண்டுமல்லவா. உடைந்திருந்த ஒரு முழங்கைக் குழாயை மாற்றினேன். மூடி வைத்து, ஓரம் சுற்றி சிமெண்ட் பூசினேன். உள்ளே போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மூடியில் காதை வைத்துக் கேட்டேன். தண்ணீர் வந்து விழுகிற சத்தம். சரியான சத்தம். பச்சைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"இனி கவலையே இல்லம்மா. ஒரு ஆளுக்கு இருவது வருசத்துக்குத் தெறக்க வேண்டாம்" என்றேன்.

"ஒரு ஆளுக்கு" என்றார்.

"ஆமா" என்றேன்.

தாளை மடித்து மிஷின் டிராயரில் வைத்தார். நான் குழாயைக் கழற்றி, கழுவி, வெயிலில் சாய்த்து வைத்தேன். அது காய வேண்டுமே, கல்லில் உட்கார்ந்திருந்தேன். மிஷின் ஓட ஆரம்பித்தது. நான் போய்விட்டேன் என்று நினைத்திருப்பார். அப்புறம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

காப்பி கொண்டுவந்தார் சார். அதைச் சொல்ல வேண்டும், குறை மட்டும் சொல்லக் கூடாது. ஆபீஸுக்கு எழுதின கையால்தான் கொண்டுவந்தார். கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போனார். கருப்பட்டி சரியாக இருந்தது, சூடு சரியாக இருந்தது. மெதுவாகத்தான் குடித்தேன். குடித்து முடித்ததும் கிணற்றடியில் குப்பை போடக் கூடாதே என்று, காகிதக் கப்பைத் தட்டையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.